உயரம் வேற, சரிவு வேற: மின்புலம் பத்தி வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல நிலைமின்னியல் (ஓடாம ஒரு இடத்துல நிக்கற மின்சாரம்) பத்தி சந்தேகம் இருந்தா எழுதுங்கன்னு ஒரு வரி போட்டிருந்தோம். +2 பசங்க, நீட் எழுதறவங்க, வாத்தியாருங்க, மாடு வளர்க்கறவர்னு எல்லாப் பக்கத்துல இருந்தும் கடிதம் வந்திருக்கு. ஒரே மாதிரி இருந்த கேள்விகள ஒண்ணா சேர்த்துட்டேன்.

சார், நான் +2 படிக்கிறேன். மின்விசை, மின்புலம், மின்னழுத்தம், மின்னழுத்த ஆற்றல் நாலுக்கும் ஃபார்முலா மனப்பாடமா தெரியும். ஆனா கணக்குன்னு வந்தா எதைப் போடறதுன்னே புரியல, நாலும் ஒண்ணு மாதிரியே இருக்கு.
– மாணவி, விருதுநகர்

ஒண்ணு மாதிரி இருக்குன்னு உனக்குத் தோணுறதுல தப்பே இல்லம்மா. நாலுலயும் அதே 9 × 10⁹ங்கற மாறிலி வருது, மேல சார்ஜ், அதான் மின்னூட்டம் வருது, கீழ தூரம் வருது, பார்க்க அண்ணன் தம்பிங்க மாதிரி ஒரே ஜாடையில நிக்குது. அதனால ஃபார்முலாவ முறைச்சுப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொண்ணையும் பார்த்து "நீ யாரோட சொத்து?"ன்னு ஒரு கேள்வி கேளு, அங்க பிரிஞ்சிடும்.

விசை ரெண்டு சார்ஜுக்கும் சேர்ந்த கூட்டுச் சொத்து. ஒருத்தர் இல்லேன்னா விசைங்கற பேச்சே இல்ல. மின்னழுத்த ஆற்றலும் அப்படித்தான், ரெண்டு பேரும் இருந்தாத்தான் அது. மின்புலமும் மின்னழுத்தமும் இடத்தோட சொத்து. அந்த இடத்துல ஒரு சார்ஜும் இல்லாம காலியா கிடந்தாலும் அது ரெண்டும் அங்க இருக்கும்.

இப்ப நோட்டு எடு. சார்ஜ அளக்கற அலகு கூலும், அதுல பத்து லட்சத்துல ஒரு பங்கு மைக்ரோ கூலும். ஒரு இடத்துல 2 மைக்ரோ கூலும் சார்ஜ் வெச்சிருக்கோம், அதுல இருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி, அங்க ஒண்ணுமே இல்ல. அங்க விசை எவ்வளவு? தள்ளறதுக்கு ஆளே இல்ல, அப்புறம் என்ன விசை. புலம் எவ்வளவு? 9 × 10⁹ஐ 2 × 10⁻⁶ஆல பெருக்கி 0.3ஓட வர்க்கம் 0.09ஆல வகுத்தா கூலும்புக்கு 2 லட்சம் நியூட்டன். அதாவது "இங்க ஒரு கூலும் வந்து நின்னா நான் 2 லட்சம் நியூட்டன் தள்ளுவேன், இந்தப் பக்கமா தள்ளுவேன்"னு அந்த இடம் சொல்லுது. மின்னழுத்தம் எவ்வளவு? வர்க்கம் இல்லாம வெறும் 0.3ஆல வகுத்தா 60,000 வோல்ட். ரொம்ப ரொம்ப தூரத்துல இருந்து ஒரு கூலும இங்க தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தணும்னா 60,000 ஜூல் வேலை ஆகும்னு அர்த்தம்.

இப்ப அந்தக் காலி இடத்துல 3 மைக்ரோ கூலும் சார்ஜ் ஒண்ண கொண்டு வந்து வை. புலத்த அந்த சார்ஜால பெருக்கினா 0.6 நியூட்டன், அதான் விசை. அழுத்தத்த அதே சார்ஜால பெருக்கினா 0.18 ஜூல், அதான் ஆற்றல். 0.6 நியூட்டன்னா எவ்வளவுன்னு கையில உணரணும்னா ஒரு கோழிமுட்டைய உள்ளங்கையில வெச்சுப் பாரு, கிட்டத்தட்ட அந்த எடைதான். அந்த முட்டைய தரையில இருந்து ஒரு ஸ்கேல் உயரத்துக்கு, 30 சென்டிமீட்டர் தூக்கினா நீ செய்யற வேலை கிட்டத்தட்ட 0.18 ஜூல். கணக்குல வர்ற எண்ண இப்படி ஒரு தடவையாவது கையால தொட்டுப் பார்த்துட்டா அப்புறம் பத்து மடங்கு தப்பா விடை வந்தாலே மனசுக்கு உறுத்தும்.

தூரத்த ரெண்டு மடங்கு, 60 சென்டிமீட்டர் ஆக்கு. அழுத்தம் பாதியாகி 30,000 வோல்ட் ஆகுது, புலம் கால்வாசியாகி 50,000 ஆகுது. புலம் ஏன் வேகமா குறையுது? அழுத்தம்னா உயரம், புலம்னா அந்த உயரத்தோட சரிவு. அடிவாரத்துக்கு வர வர உயரம் குறையுது, ஆனா சரிவு அதைவிட சீக்கிரம் படுத்துடுது, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, இது பரீட்சையில நேரத்த மிச்சப்படுத்தும். புலத்துக்கு திசை இருக்கு, நாலு சார்ஜ் இருந்தா நாலு அம்புக்குறி போட்டு கூறு பிரிச்சுத்தான் கூட்டணும். அழுத்தத்துக்கு திசையே கிடையாது, ப்ளஸ் மைனஸ் மட்டும் பார்த்து கடைக்கணக்கு மாதிரி கூட்டிடலாம். அதனால கேள்வியில வேலை, ஆற்றல், வேகம்னு வார்த்தை வந்தா முதல்ல அழுத்தத்துப் பக்கம் போ. விசை, முடுக்கம், எந்தப் பக்கம் நகரும்னு வந்தா புலத்துப் பக்கம் போ.

அப்புறம் "ஒரு கூலும்"ங்கறது நெஜமா ரொம்பப் பெரிய அளவு. ஒரு கூலும் ரெண்ட ஒரு மீட்டர் தள்ளி வெச்சா 9 × 10⁹ நியூட்டன் விசை வரும், அது கிட்டத்தட்ட 9 லட்சம் டன் எடை. அதனாலதான் கணக்குல எல்லாம் மைக்ரோ, நேனோன்னு வருது.

ரெண்டு சமமான நேர் மின்னூட்டத்துக்கு நடுவுல மின்புலம் பூஜ்யம், ஆனா மின்னழுத்தம் பூஜ்யம் இல்லையாம். புலமே இல்லாத இடத்துல அழுத்தம் மட்டும் எங்க இருந்து வருது? இந்த ஒரு கேள்வியிலயே ரெண்டு வருஷம் மார்க் போச்சு.
– நீட் ரெண்டாவது தடவை எழுதறவர், நாமக்கல்

தம்பி, இந்த இதழ்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி உங்களோடதுதான், ஏன்னா இது தெளிஞ்சா பாதி பாடம் தெளிஞ்ச மாதிரி.

செங்கோட்டையில இருந்து கொல்லம் போற வழியில ஆரியங்காவு கணவாய் இருக்கு. ரெண்டு பக்கமும் மலை, நடுவுல ரோடு ஏறி, ஒரு இடத்துல உச்சிக்கு வந்து, அப்புறம் அந்தப் பக்கம் இறங்குது. அந்த உச்சியில ஒரு பந்த வைங்க. உருளாது, ஏன்னா அந்த இடத்துல சரிவு இல்ல. அதுக்காக அந்த இடம் கடல் மட்டத்துலயா இருக்கு? உயரத்துலதான் இருக்கு. ரெண்டு நேர் சார்ஜும் ரெண்டு மலை, நடுப்புள்ளிதான் கணவாய். ரெண்டு சார்ஜ சேர்க்கற கோட்டுல எந்தப் பக்கம் நகர்ந்தாலும் மலை ஏறணும், அதுக்கு குறுக்கா நகர்ந்தா ரோடு இறங்கற மாதிரி இறங்கும். நான் உவமைக்காக சொல்லல, அழுத்தத்த உயரமா வெச்சு படம் வரைஞ்சீங்கன்னா அப்படியே கணவாய் வடிவத்துலதான் வரும்.

எண் போட்டே பார்த்துடலாம். 2 மைக்ரோ கூலும் ரெண்டு, 60 சென்டிமீட்டர் இடைவெளி. நடுப்புள்ளியில ஒவ்வொண்ணும் 2 லட்சம் தள்ளுது, ஒண்ணு வலப்பக்கம் ஒண்ணு இடப்பக்கம், கழிஞ்சு போச்சு. அழுத்தம் ஒவ்வொண்ணுக்கும் 60,000, திசை இல்லாததால கழிய வழியே இல்ல, கூடி 1,20,000 வோல்ட்.

இப்ப ஒண்ண எதிர் மின்னூட்டமா மாத்துங்க. அழுத்தம் 60,000 ப்ளஸ், 60,000 மைனஸ், பூஜ்யம். ஆனா புலம்? நேர் சார்ஜ் அந்தப் பக்கம் தள்ளுது, எதிர் சார்ஜ் அதே பக்கம் இழுக்குது, ரெண்டும் சேர்ந்து 4 லட்சம். இது கடற்கரை மாதிரி. தண்ணி தொடற இடத்துல உயரம் பூஜ்யம்னு சொல்றோம், ஆனா மணல் அங்க சரிஞ்சுகிட்டேதான் கடலுக்குள்ள போகுது. உயரம் பூஜ்யம், சரிவு பூஜ்யம் இல்ல.

சார்ஜ் ஏத்தின, உள்ள காலியான கோளத்துக்குள்ள புலம் பூஜ்யம், அழுத்தம் மட்டும் எல்லா இடத்துலயும் மேற்பரப்புல இருக்கற அதே அளவுன்னு வருமில்ல, அதுக்கு கொடைக்கானல் ஏரிய நினைச்சுக்கங்க. கடல் மட்டத்துல இருந்து 2,000 மீட்டருக்கு மேல இருக்கு, ஆனா தண்ணி தட்டையா நிக்குது, படகு தானா எந்தப் பக்கமும் உருண்டு போறதில்ல. உங்களுக்கு மார்க் போனதுக்கு காரணம் பூஜ்யம்னா "ஒண்ணுமே இல்ல"ன்னு எடுத்துக்கிட்டதுதான். அழுத்தத்துல பூஜ்யம்ங்கறது நாம தேர்ந்தெடுக்கற ஒரு மட்டம், புலத்துல பூஜ்யம்ங்கறது அங்க வைக்கிற சார்ஜ யாரும் தள்ளலைங்கற விஷயம்.

மின்புலம் உயர் அழுத்தத்துல இருந்து தாழ் அழுத்தத்துக்கு. ஆனா எலக்ட்ரான் மட்டும் தாழ்வுல இருந்து உயர்வுக்கு போகுதே, அப்ப அதோட ஆற்றல் கூடுதா?
– +2 மாணவன், செய்யாறு

அதோட மின்னழுத்த ஆற்றல் கூடல, குறையுது. தண்ணிக்குள்ள காத்துக் குமிழி மேல போறத பார்த்திருப்பே. உயரம் கூடுது, ஆனா யாரும் தள்ளாம தானா போகுது, ஏன்னா குமிழிக்கு மேல போறதுதான் இறக்கம். எலக்ட்ரானும் அந்த மாதிரி. அதோட சார்ஜ் மைனஸ், அழுத்தத்த மைனஸால பெருக்கினா கூடறது குறையறதா மாறிடும். பழைய பெட்டி டிவியில பின்பக்கம் இருந்து எலக்ட்ரான கிளப்பி, திரைப் பக்கம் 20,000 வோல்ட்டுக்கு மேல வெச்சுத்தான் இழுத்து விடுவாங்க. டிவிய அணைச்ச உடனே முன்னங்கைய திரைகிட்ட கொண்டு போனா முடி எல்லாம் எழுந்து நிக்கும், பட்பட்னு லேசா சத்தம் கேக்கும். உங்க வீட்டுப் பெரியவங்கள கேளு, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

மின்புலக் கோடு வழியாத்தான் சார்ஜ் போகுமா?
– பாலிடெக்னிக் மாணவர், கரூர்

போகணும்னு இல்ல. கோடு சொல்றது தள்ளற திசைய மட்டும்தான். ஏற்கனவே வேகத்தோட வர்ற சார்ஜ், எறிஞ்ச கல்லு மாதிரி வளைஞ்சுதான் போகும். கல்ல பூமி கீழ்நோக்கித்தான் இழுக்குது, அதுக்காக எறிஞ்ச கல்லு நேரா கீழயா விழுது? கோடு நேரா இருந்து, சார்ஜ் நின்ன நிலையில இருந்து கிளம்பினா மட்டும் அதே கோட்டுல போகும்.

நான் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், பேத்திக்கு பாடம் சொல்லித் தர்றேன். மின்புலம்னு நிஜமாவே ஒண்ணு இருக்கா, இல்ல கணக்கு போட வசதிக்கு வெச்ச பேரா? என்னால பேத்திக்கு பதில் சொல்ல முடியல.
– வாசகர், தஞ்சாவூர்

ஐயா, இதே சந்தேகத்துல பெரிய பெரிய ஆளுங்க பல வருஷம் அடிச்சுக்கிட்டாங்க. 1785ல கூலும்ங்கற விஞ்ஞானி முறுக்குத் தராசு வெச்சு விசைய அளந்து விதி சொன்னப்போ புலம்ங்கற எண்ணமே யார்கிட்டயும் இல்ல, ரெண்டு சார்ஜும் நடுவுல எதுவும் இல்லாம தூரத்துல இருந்தே ஒண்ண ஒண்ணு தள்ளுதுன்னுதான் நினைச்சாங்க.

அதை ஏத்துக்க முடியாம போனது மைக்கேல் ஃபாரடேவுக்கு. 1791ல லண்டன் பக்கம் ஒரு கொல்லருக்குப் பிறந்தவர், 14 வயசுல புத்தகம் பைண்டிங் பண்ற கடையில வேலைக்கு சேர்ந்து, பைண்டிங்குக்கு வந்த புத்தகத்தையெல்லாம் படிச்சு அறிவியலுக்கு வந்தவர். அவருக்கு உயர் கணிதம் வராது. ஆனா காந்தத்த சுத்தி இரும்புத் தூள் வரிசையா நிக்கறத பார்த்துட்டு, நடுவுல இருக்கற இடத்துலதான் ஏதோ நடக்குதுன்னு உறுதியா சொன்னார். அவர் படமா சொன்னத 1860கள்ல மேக்ஸ்வெல்ங்கற விஞ்ஞானி சமன்பாடா எழுதினார். அந்தப் புலம் அலையா பரவணும்னு அந்த சமன்பாட்டுல இருந்து வந்துச்சு, 1880களோட கடைசியில ஹெர்ட்ஸ்ங்கற விஞ்ஞானி செஞ்ச சோதனைகள்ல அந்த அலை கையில கிடைச்சது.

பேத்திக்கு இப்படி சொல்லிப் பாருங்க. இங்க ஒரு சார்ஜ அசைச்சா தூரத்துல இருக்கற சார்ஜுக்கு அது உடனே தெரியாது. ஒளி வேகத்துலதான், நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர்ல தான் சேதி போகும். சூரியன்ல ஒரு சார்ஜ் அசைஞ்சா நமக்கு வந்து சேர 8 நிமிஷத்துக்கு மேல ஆகும். அங்க கிளம்பின ஆற்றல் இங்க இன்னும் வரல, அந்த 8 நிமிஷம் அது எங்க இருக்கு? நடுவுல இருக்கற புலத்துலதான் இருக்கு. மொட்டை மாடியில காயப்போட்ட வத்தல் காயறதே அந்தப் புலம் சுமந்துட்டு வந்த ஆற்றல்லதான். கோடு நாம தாள்ல வரையறது, அது நிஜமில்ல. புலம் நிஜம்.

கேஸ் லைட்டர்ல ஆயிரக்கணக்கான வோல்ட் வருதுன்னு மகன் சொல்றான். பனிக்காலத்துல பீரோ கைப்பிடிய தொட்டா சுள்ளுன்னு அடிக்குதே, அதுவும் ஆயிரக்கணக்குலயாம். அப்புறம் ஏன் வெறும் 230 வோல்ட் ஆளையே கொல்லுது?
– இல்லத்தரசி, கோயம்புத்தூர்

உங்க மகன் சொன்னது சரிதாம்மா, நீங்க கேட்டதும் ரொம்பச் சரியான கேள்வி. காத்து சாதாரணமா மின்சாரத்த விடாது. ஆனா புலம் மீட்டருக்கு சுமார் 30 லட்சம் வோல்ட்டத் தாண்டினா காத்து தாங்காம உடைஞ்சு பொறி விழும். மில்லிமீட்டருக்கு 3,000 வோல்ட்னு வெச்சுக்கலாம். லைட்டர் நுனியில 3 மில்லிமீட்டர் இடைவெளியில பொறி தாவுதுன்னா சுமார் 9,000 வோல்ட் வேணும். உள்ள இருக்கற சின்ன படிகத்த நீங்க அழுத்தறப்போ ஒரு குட்டி சுத்தியல் அதுல தட்டும், அந்தத் தட்டுல பிறக்குது அது.

வோல்ட்டுங்கறது ஒரு கூலும்புக்கு எவ்வளவு ஜூல்ங்கற விகிதம் மட்டும்தான். தங்கம் கிராம் என்ன விலைன்னு தெரிஞ்சா போதுமா, எத்தனை கிராம் வாங்கறோம்னு தெரிஞ்சாத்தானே பில்லு தெரியும். பாலியெஸ்டர் துணியோட பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்து எழுந்திரிக்கறப்போ உங்க உடம்புல 10,000 வோல்ட் ஏறலாம், ஆனா அதுல இருக்கற சார்ஜ் சுமார் ஒரு மைக்ரோ கூலும்தான். சார்ஜ் தீரத் தீர வோல்ட்டும் குறையறதால ரெண்டையும் பெருக்கினதுல பாதிதான் ஆற்றல், மொத்தமே 0.005 ஜூல். ஒரு நொடியில கோடியில ஒரு பங்கு நேரத்துல தீர்ந்து போயிடும், சுள்ளுனு ஒண்ணு, அப்புறம் ஒண்ணுமில்ல.

வீட்டு லைன்ல விலை கம்மி, சரக்கு தீரவே தீராது. 0.1 ஆம்பியர் உடம்புல ஓடினா ஒரு நொடிக்கு 0.1 கூலும், அந்த பீரோ சார்ஜ மாதிரி ஒரு லட்சம் மடங்கு, அதுவும் கைய எடுக்கற வரைக்கும் நொடிக்கு நொடி. அதுக்குள்ள இதயத்தோட தாளம் குலைஞ்சு போயிடுது. ஈரக்கைன்னா தோலோட தடை குறைஞ்சு இன்னும் அதிகமா ஓடும். அதனால உங்க வீட்டு மெயின் போர்டுல ஆர்.சி.சி.பி.ங்கற பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கான்னு எலக்ட்ரீஷியன விட்டு இன்னைக்கே பாருங்க, 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே அது லைன வெட்டிடும். மோட்டார், கீஸர், வாஷிங் மெஷின் இருக்கற வீட்ல அது கட்டாயம் வேணும்.

கரண்ட் கம்பியில காக்கா ஜம்முனு உட்கார்ந்திருக்கு. மயில் மட்டும் அடிக்கடி அடிபட்டு செத்துக் கிடக்கு. ஏன்?
– ஐந்தாம் வகுப்பு மாணவி, விராலிமலை

நல்லா கவனிச்சிருக்கே கண்ணு! காக்காவோட ரெண்டு காலும் ஒரே கம்பியில இருக்கு. அந்தக் கம்பி 11,000 வோல்ட்ல இருந்தாலும் ரெண்டு காலுக்கும் நடுவுல வித்தியாசம் ஒரு வோல்ட்டுல நூத்துல ஒரு பங்கு கூட வராது. உயரமான மேடையில ரெண்டு காலையும் வெச்சு நிக்கற மாதிரி, எங்கயும் விழல. மயிலோட றெக்கையும் தோகையும் பெருசு, பறந்து வர்றப்போ ஒரே நேரத்துல ரெண்டு கம்பி மேல பட்டுடுது, இல்லேன்னா ஒரு பக்கம் கம்பி ஒரு பக்கம் கம்பத்தோட இரும்புன்னு பட்டுடுது. அப்ப அதோட உடம்பு வழியா கரண்ட் பாயுது. பழம் தின்னுற பெரிய வௌவாலுக்கும் இதே கதிதான். நீ காக்கா இல்ல, தரையில நிக்கறே, அதனால குச்சியால கூட கம்பிய தொடக்கூடாது, சரியா?

ஆறாம் வகுப்புக்கு சீப்பு, காகிதத் துண்டு சோதனை செய்து காட்டினேன், ஐப்பசி மழையில ஒட்டவே இல்ல. பசங்க முன்னாடி சங்கடமா போச்சு. இன்னொண்ணு, காகிதத்துல சார்ஜே இல்லையே, அது ஏன் சீப்புகிட்ட வருது?
– நடுநிலைப் பள்ளி ஆசிரியை, பட்டுக்கோட்டை

டீச்சர், தப்பு உங்க மேல இல்ல, காத்துல இருந்த ஈரம். எல்லாப் பொருள் மேலயும் கண்ணுக்குத் தெரியாத தண்ணிப் படலம் படிஞ்சு, தேய்ச்சு சேர்க்கற சார்ஜ் அது வழியா கசிஞ்சு போயிடுது. தை மாசி வெயில்ல பதினோரு மணிக்கு மேல செஞ்சு பாருங்க.

அதைவிட ஒரு செல்லோ டேப் வாங்கிக்கங்க. ஒரு சாண் நீளத்துக்கு ரெண்டு துண்டு வெட்டி, பிடிக்கறதுக்கு ஒரு நுனிய மடிச்சு விட்டு, ரெண்டையும் பெஞ்சு மேல பக்கத்துல பக்கத்துல ஒட்டி, வெடுக்குனு உரிங்க. ரெண்டையும் தொங்கவிட்டு கிட்ட கொண்டு வந்தா விலகி விலகி ஓடும், ரெண்டும் ஒரே மாதிரி சார்ஜ். அடுத்து ஒரு துண்ட ஒட்டி, அது மேலயே இன்னொண்ண ஒட்டி, ஜோடியா மெதுவா எடுத்து, விரலால ஒரு தடவு தடவிட்டு, அப்புறம் ரெண்டையும் பிரிங்க. இப்ப பாய்ஞ்சு வந்து ஒட்டும், ஒண்ணு நேர், ஒண்ணு எதிர். எல்லா பிள்ளைங்க கையிலயும் கொடுத்து செய்ய விடுங்க. கிட்ட கொண்டு போகப் போக டேப் இன்னும் இன்னும் வளையறத அவங்களே பார்ப்பாங்க, விரல்ல உணருவாங்க, தூரத்துக்கும் விசைக்கும் இருக்கற தொடர்ப அதைவிட நல்லா எந்தக் கரும்பலகையும் காட்டாது.

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். காகிதத்துல நேரும் எதிரும் சம அளவுல கலந்து கிடக்கு. எதிர் சார்ஜ் ஏறின சீப்பு கிட்ட வந்ததும், காகிதத்துல நேர் சார்ஜ் துளி சீப்புப் பக்கமும் எதிர் சார்ஜ் துளி அந்தப் பக்கமும் நகர்ந்துக்குது. கிட்ட இருக்கறது இழுபடுது, தள்ளி இருக்கறது விலக்கப்படுது. சீப்புகிட்ட புலம் அதிகம், தள்ளிப் போனா குறைவு, அதனால இழுப்புதான் ஜெயிக்கும். புலம் எல்லா இடத்துலயும் ஒரே அளவா இருந்தா காகிதம் வரவே வராது, ரெண்டும் சரிக்கு சரி கழிஞ்சு போயிருக்கும்.

போன சித்திரையில கோடைமழை. எங்க புளியமரத்துல இடி விழுந்து, மரத்துக்கு முப்பதடி தள்ளி நின்ன ரெண்டு மாடும் செத்துப் போச்சு. மேல ஒரு காயம் கூட இல்ல. மரத்த தொடவே இல்லையே, எப்படிங்க செத்துச்சு? பக்கத்துல நின்ன நான் பிழைச்சுட்டேன்.
– விவசாயி, திருவண்ணாமலை மாவட்டம்

ஐயா, உங்க கடிதத்த படிச்சப்போ மனசு கனத்துப் போச்சு. பிள்ளைங்க மாதிரி வளர்த்த மாடு. என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், மேல எழுதின உயரம் சரிவு கதைதான் இங்க தரையிலயே நடந்திருக்கு.

மின்னல் மரத்துல இறங்கி வேர் வழியா மண்ணுக்குள்ள எல்லாப் பக்கமும் பரவுது. அந்த ஒரு கணத்துக்கு மரத்தடி பெரிய மலை உச்சி மாதிரி ஆயிடுது, அங்க அழுத்தம் லட்சக்கணக்கான வோல்ட், தள்ளிப் போகப் போக குறையுது. மண்ணோட தன்மையப் பொறுத்து மாறும், ஒரு சாதாரண கணக்குக்கு மின்னல் 30,000 ஆம்பியர், சுமாரான ஈரமுள்ள மண்ணுன்னு வெச்சுக்கிட்டா, மரத்துல இருந்து 10 மீட்டர்ல, கிட்டத்தட்ட உங்க முப்பதடி, தரையோட அழுத்தம் சுமார் 48,000 வோல்ட். பதினொன்றரை மீட்டர்ல சுமார் 41,500. மாட்டோட முன்னங்கால் ஒண்ணுல, பின்னங்கால் இன்னொண்ணுல. நடுவுல 6,000 வோல்ட்டுக்கு மேல வித்தியாசம், அந்தக் கரண்ட் முன்னங்கால்ல ஏறி பின்னங்கால்ல இறங்கறப்போ நெஞ்சு வழியாத்தான் போயாகணும். அதனாலதான் காயம் ஒண்ணும் தெரியல.

நீங்க நின்னப்போ உங்க ரெண்டு காலுக்கும் இடைவெளி ஒரு அடி இருந்திருந்தா சுமார் 1,400 வோல்ட், அதுவும் ஒரு கால்ல ஏறி இன்னொரு கால்ல இறங்கியிருக்கும், நெஞ்சுக்கு வந்திருக்காது. கால ஒட்டி வெச்சு நின்னிருந்தா இன்னும் குறைவு. உங்கள காப்பாத்தினது அந்த ஒரு அடிதான்.

இனிமே மேகம் கருக்க ஆரம்பிச்சதும் மாட்ட தனி மரத்துகிட்டயும் கம்பி வேலி ஓரத்துலயும் கட்டாதீங்க, முடிஞ்சா முன்னாடியே கொட்டகைக்கு ஓட்டிட்டு வந்துடுங்க. நீங்க வெட்டவெளியில மாட்டிக்கிட்டா, போய்ச் சேர்ற தூரத்துல கான்கிரீட் வீடோ மேல இரும்புக் கூரை மூடின காரோ இருந்தா அதுக்குள்ள போயிடுங்க. கார் காப்பாத்தறது டயர் ரப்பரால இல்ல, கரண்ட் வெளிக்கூட்டு வழியாவே இறங்கிடறதால. ஒண்ணுமே இல்லேன்னா ரெண்டு காலையும் ஒட்டி வெச்சு குந்துங்க, படுக்க வேண்டாம். படுத்தா மாடு மாதிரி நீளம் கூடிடும். கரண்ட் கம்பி அறுந்து ஈர வயல்ல கிடந்தாலும் இதே கணக்குதான், கிட்ட போகாதீங்க, ஏற்கனவே கிட்ட இருந்தா கால தூக்கி எட்டு வைக்காம ரெண்டையும் ஒட்டியபடி தேய்ச்சு தேய்ச்சு விலகி வந்து ஈ.பி.க்கு போன் பண்ணுங்க.

இன்னொரு விஷயம், ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லுங்க. மின்னல் அடிச்ச ஆள் உடம்புல கரண்ட் தங்கி இருக்கும், தொடக்கூடாதுன்னு நிறைய பேர் பயந்து நிக்கறாங்க. அப்படி எதுவும் தங்காது, எல்லாம் அந்தக் கணத்துலயே மண்ணுக்குப் போயிடும். தயங்காம தொடுங்க, மூச்சு இல்லேன்னா நடு நெஞ்சுல ரெண்டு கையையும் வெச்சு வேகமா அமுக்கிகிட்டே இருங்க, இன்னொருத்தர 108க்கு போன் பண்ணச் சொல்லுங்க.